பதில் வராத துறை

ஹமீதா பானு இணைய முகவரியை வலது பக்கத்திலிருந்துதான் படிப்பார். பேனா முனை திரைமேல் ஊர்ந்து வர, ஒவ்வொரு எழுத்தாகத் தலைகீழாக முணுமுணுப்பார். "முன்னாடியிருந்து படிச்சா கண்ணே தப்பச் சரியாக்கிரும்" என்பது அவர் கட்சி.

தொண்டியில் செராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கணினி படித்தவர். ஆதார் நகலுக்கு ஆள் வந்தால், "செத்த இருங்க, ஒரு ஸ்லாஷ் கூடுதலா விழுந்துருச்சு" என்பார். வந்தவர், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து நிற்பார்.

அவர் எழுதிய கணினி ஸ்கிரிப்ட் ஒன்று தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஒரு வானிலைச் சேவையின் ஏபிஐ முகவரியை, கடைசியில் துறையின் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டு, ஒன்பது படகுத் துறைகளுக்கும் காற்று நிலவரம் கேட்கும். பலத்த காற்றென்றால் மட்டும் நாட்டுப்படகுக்காரர்களுக்குச் சேதி போகும். சும்மா சும்மா வந்தால் எவரும் பார்ப்பதில்லை என்று அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு. சேதி இல்லையென்றால் கடலுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

போன வியாழக்கிழமை எட்டுத் துறைக்குச் சேதி போனது. முந்தின நாள் புதிதாகச் சேர்த்த மேலத்தோப்பு வடக்குக்கு மட்டும் போகவில்லை. பானு அந்தத் துறையின் பட்டியலில் இருந்த படகுக்காரர் காளிராஜின் எண்ணுக்கு அடித்தார்.

"சேதி வரலையேத்தா. படகத் தள்ளிக்கிட்டு இருக்கோம்."

"பக்கத்துத் துறைக்கெல்லாம் காத்து போட்டுருக்குண்ணே. உங்களுக்குப் பதிலே வரல. தள்ளாதீக."

"எம்புட்டு நேரம் நிக்க?"

"பத்து நிமிசம்."

பேனா வலப்பக்கத்திலிருந்து கிளம்பி, வடக்குக்கும் மேலத்தோப்புக்கும் நடுவே நின்றது. மற்ற எட்டும் ஒற்றைச் சொல் பெயர்கள். இதில் ஓர் இடைவெளி. முகவரி அங்கேயே முறிந்திருந்தது. இடைவெளியைக் குறியீடாக மாற்றி அனுப்ப ஒரே ஒரு வரி போதும், எழுதி ஓட்டினார். மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகக் காற்று என்று பதில் வந்தது. சேதி போனது. காளிராஜ் கூப்பிட்டார்.

"வந்துருச்சுத்தா. நாலு படகையும் கட்டிட்டோம்."

அப்போதுதான் பானு கணக்குப் போட்டார். நாலு படகில் பதினோரு பேர். பிழை வந்தால் பேசாமல் அடுத்த துறைக்குப் போ என்று ஸ்கிரிப்டில் எழுதி வைத்தவரும் அவர்தான். யார்மேல் பழி போட?

கடையில் நின்ற இரண்டு பேரைக் காக்க வைத்துவிட்டு அந்த வரியை அழித்தார். அந்த இடத்தில், "உங்க துறைக்குப் பதில் வரல. கேக்காமக் கடலுக்குப் போகாதீக" என்று எழுதினார். பிறகு அதன் கீழே, தன் சொந்தக் கைப்பேசி எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அடித்தார்.