வேறு கிளைகள் கிடையாது

கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. திருவொற்றியூரில் வீட்டு முன்னறையில் ஒரு கணினி, அதுதான் ஆபீஸ். வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: முகப்புப் பக்கம் உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இல்லை. என்ன விற்கிறீர்கள், கடை எங்கே, எந்த நம்பரில் கூப்பிட வேண்டும், இது மூன்றும் பக்கத்தைத் தள்ளாமலே தெரிய வேண்டும். படகில் நின்றுகொண்டு வெயிலில் போனைப் பார்க்கிறவருக்கு உங்கள் குலப்பெருமை எதற்கு? எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் சாமி படம், தலைவர் படம், மாமனார் படம் என்று வாட்ஸப்பில் வந்து குவியும்.

ராயபுரத்தில் வலையும் கயிறும் விற்கும் அண்ணன் அப்படியெல்லாம் படுத்தவில்லை. அவருக்கு இரண்டே இரண்டுதான் வேண்டும். மேலே அவர் முகம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில், 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது.'

கடைப் பலகையில் இந்த வரியைப் பார்த்தால் போதும், அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா வைத்த கடை அண்ணனிடம் நின்றது. தம்பி எண்ணூரில் அதே பெயரில் ஒரு கடை போட்டார். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூடத் தம்பிக்குப் பத்திரிகை போகவில்லை.

"வலை வாங்க வர்றவருக்கு உங்க வீட்டுச் சண்டை எதுக்குண்ணே? அந்த இடத்துல வலை படம் போடலாம்" என்றேன்.

"எண்ணூர் நெட்டுக்குப்பத்து ஆளுங்கல்லாம் என் கடைன்னு நெனச்சிகினு அவன் கடையில பூந்துடுறானுங்கம்மா. அந்த வரி இல்லேன்னா எனக்கு வெப்சைட்டே வாணாம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. சரி, கடை அவருடையது என்று போட்டுத் தொலைத்தேன். அடுத்து முகம். படத்தில் தலைச்சாயம் செம்பட்டையாகத் தெரிந்தது.

"இன்னாம்மா இது, கோழிக் கொண்டை மாதிரி கீது. கருப்பு வெள்ளையா மாத்திடு."

மாற்றினேன். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

தளம் வெளியான அன்று காலை அவர் கடையில்தான் இருந்தேன். அவருக்குத் தெரிந்த எல்லா வாட்ஸப் குழுக்களுக்கும் லிங்க்கை அனுப்பினார். திறக்காமல் பார்த்தால் அதில் தெரிவது கருப்பு வெள்ளையில் ஒரு முகம், அடியில் பெயர், அவ்வளவுதான். எங்கள் பக்கத்துச் சுவரில் அப்படி ஒரு முகம் ஒட்டியிருந்தால் அது எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த நேரத்தில் எங்கள் இருவருக்குமே அது உறைக்கவில்லை. ஒருவர் கும்பிடும் கையைப் போட்டார், அடுத்தவர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டார். அதற்குப் பிறகு யார் அதைத் திறந்து பார்க்கிறார்கள்? அண்ணனோ மூக்குக் கண்ணாடி இல்லாமல், வந்ததற்கெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தம்பி இறங்கினார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், கண் சிவந்திருந்தது. கையில் பெரிய ரோஜா மாலை. கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இன்னாடா, மாலையும் கையுமா?" என்றார் அண்ணன்.

தம்பி மாலையைப் பார்த்தார். "சும்மாதான். நைனா படத்துக்குப் போடலாம்னு வந்தேன்."

கல்லாவுக்கு மேலே அவர்கள் அப்பாவின் படம் மாட்டியிருந்தது. அண்ணன் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். தம்பி ஏறினார். எக்கியும் மாலை ஆணியில் மாட்டவில்லை. ஸ்டூல் ஆட, அண்ணன் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"குரூப்புல போட்டிருந்தானுங்கண்ணா" என்று மேலே நின்றபடியே தம்பி அழுதார்.

கடைக்கு மேலேதான் வீடு. அண்ணி இறங்கி வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் தம்பியைச் சாப்பிடக் கூட்டிப்போனார்.

"போட்டோவை இப்பவே கலராக்கிடுறேண்ணே" என்றேன்.

"போட்டோ கெடக்கட்டும். அந்த வரியத் தூக்கிட்டு அவன் நம்பரப் போடு. நான் எடுக்கலேன்னா அவன் எடுக்கட்டும்."

முகப்பில் இரண்டு நம்பர் இருந்தால் வருகிறவர் குழம்புவார் என்று எல்லோரிடமும் சண்டை போடுகிறவள் நான். அன்று நம்பர் என்ன என்று மட்டும் கேட்டேன். மேசை மேலிருந்த போனை அவர் தொடக்கூட இல்லை. பத்து எண்ணையும் மனப்பாடமாகச் சொன்னார்.