சோம்பேறிப் பூஞ்சையும் மீடியா அக்காவும்

மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ‘மீடியா அக்கா’ என்பார்கள். பத்திரிகைக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. கிருமிகள் வளரத் தேவையான, ‘மீடியா’ எனப்படும் கூழைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றுவது அவள் வேலை. பத்தொன்பது வருடங்களாகச் சமைத்துப் போடுகிறாள். ஒரு கிருமிகூடக் குறை சொன்னதில்லை. பேராசிரியர்தான் சொல்வார்.

அந்த வருடம் அவருக்கு ஈஸ்ட் பைத்தியம். நோயாளிகளின் நாக்கிலிருந்து வழித்தெடுத்த அந்தப் பூஞ்சை, புரதத்தை அரிக்கும் நொதியைக் கக்குகிறது என்று அவர் காட்ட வேண்டும். தட்டில் நீலச் சாயம் ஊற்றி அலசினால், நொதி கசிந்த இடம் மட்டும் வெளுத்து வளையமாகத் தெரியும். எட்டு வாரமாகியும் ஒரு வளையம் இல்லை. ஈஸ்ட் மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தது.

“நீங்க ஊத்துறதுலதான் ஏதோ கோளாறு,” என்றார், எல்லோர் முன்னிலையிலும்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவர் எழுதித் தந்த செய்முறைத் தாளை எடுத்துப் படித்தாள். செரிக்காத புரதத்தோடு பெப்டோனும் தாராளம், அதாவது, ஏற்கெனவே செரித்து வைத்த புரதம். அந்த நொதி வேலை செய்யத் தேவையான புளிப்போ துளியும் இல்லை.

“சார், இப்படி மென்னு ஊட்டி விட்டா அது எதுக்கு நொதி கக்கணும்? எங்க கொழுந்தனுக்கு வேளாவேளைக்குத் தட்டு வருது, மனுஷன் கட்டில விட்டே எறங்குறதில்ல. இதுவும் அதே ரகம்.”

“அதெல்லாம் அறிவியல் இல்லம்மா.”

“அப்ப பத்துத் தட்டு என் இஷ்டத்துக்கு ஊத்துறேன்.”

பெப்டோனை நிறுத்தினாள். செரிக்காத புரதத்தை மட்டும் கலந்து, அமிலம் விட்டுப் புளிப்பேற்றினாள். ஒப்பிட்டுப் பார்க்க, அவர் செய்முறையிலும் பத்துத் தட்டு. இரண்டிலும் ஒரே ஈஸ்ட், ஒரே சூடு. ஞாயிற்றுக்கிழமைகூட ஏதோ சாக்கு சொல்லி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் சாயம் ஊற்றினார்கள். அவர் தட்டுகள் நீலம் மாறவில்லை. அவள் தட்டுகளில் ஈஸ்ட் கொஞ்சம் இளைத்திருந்தது. ஆனால் ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் பளிச்சென்று வெள்ளை வளையம்.

பேராசிரியர் ஸ்கேல் வைத்து அளந்தார். தொண்டையைச் செருமினார். “நான் சந்தேகப்பட்டது சரியாப் போச்சு.”

“நீங்க சந்தேகப்பட்டது என்னை, சார். கட்டுரையில என் பேரையும் போடுங்க.”

இரண்டு வாரம் அவள் கண்ணில் படாமல் நடமாடினார். பிறகு போட்டார். அச்சில் மூன்றாவதாக அவள் பெயர் வந்தது, ஓர் எழுத்து பிசகி. திருத்தச் சொல்லவா என்று கேட்டார்.

“இருக்கட்டும் சார். அந்தப் பேர்ல இருக்கறவ இதுவரைக்கும் யார்கிட்டயும் திட்டு வாங்கினதில்ல.”