வாசலுக்கு நேரே ஒரு கரண்ட் கம்பம்

அந்தக் காலத்தில் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கரண்ட் கம்பம்தான். இப்போது அங்கே கம்பிகளெல்லாம் மண்ணுக்கடியில் போகின்றன. அன்று மெயின் ரோட்டிலிருந்து வரும் கம்பி சந்துக்குள் திரும்பும் இடம் எங்கள் வாசல். அங்கே கம்பம் நட்டால்தான் உள்ளே இருக்கும் வீடுகளுக்கு விளக்கு எரியும் என்று லைன்மேன் சொல்லிவிட்டார். வாசலைக் குத்துகிற மாதிரி எதுவும் நிற்கக் கூடாது, வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது என்று அம்மா மறுத்தாள். அந்தப் பெண் நான்தான்.

பக்கத்து வீட்டு மேஸ்திரி மாமா விடவில்லை. அப்பா போனபின் எங்களுக்கு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான். "சுதந்திரம் வந்து இத்தனை வருஷமாச்சு, இன்னும் வாசக்குத்து கீசக்குத்துன்னுட்டு! உன் பொண்ணு கல்யாணத்துக்கு நான் பொறுப்பு, தங்கச்சி" என்றார். அம்மா நம்பித் தலையாட்டினாள். கம்பம் நின்றது, சந்தே பளிச்சென்று ஆனது. மாமா வீட்டுக்கு ரேடியோகூட வந்துவிட்டது.

அடுத்த வருஷம் பிரேசர் டவுனிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஃபேக்டரியில் நிரந்தர வேலை. தட்டு மாற்ற நாளும் குறித்தாயிற்று. எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. இந்த வயதில் சொல்ல என்ன வெட்கம்! திடீரென்று ஒருநாள் மாப்பிள்ளையின் அம்மா வந்து, "வேணாங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். ஏன் என்று கேட்டதற்குக் கம்பத்தைக் காட்டினார். "எங்களுக்குத் தோணவே இல்லீங்க. பக்கத்து வீட்டு மேஸ்திரிதான் எடுத்துச் சொன்னாரு."

கொஞ்ச நாளிலேயே அதே மாப்பிள்ளைக்குத் தன் மகளை நிச்சயம் செய்தார் மாமா. அடப்பாவி மனுஷா! எங்கள் வீட்டுச் சோற்றையும் தின்றவர்தானே.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கொஞ்சமும் கூசாமல் எங்கள் வாசலில் வந்து நின்றார். கூடவே ஏணியோடு ஓர் ஆள். பந்தலுக்குக் கலர் பல்பு போட அந்தக் கம்பத்திலிருந்து லைன் இழுக்க வேண்டுமாம். "சொல்ப நேரம் ஏணி வெச்சுக்கறோம், தங்கச்சி."

அம்மா அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "என் பொண்ணுக்கு ஆகாத கம்பம் உங்க பொண்ணுக்கு மட்டும் ஆகுமா அண்ணா?"

மாமா சிரித்தார். "அட, இந்தக் காலத்துல அதையெல்லாம் யாரும்மா பார்க்கிறாங்க?"

அம்மா, பாவம், ஒதுங்கி வழிவிட்டாள். அன்று சாயங்காலம் பந்தலின் சிவப்பும் பச்சையும் எங்கள் கூடம் வரை வந்து விழுந்தன. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.