ஊசுட்டேரிக் காளான்

இதை எழுதக் கூசுகிறது. அப்பா இருந்தவரை வாய் திறக்காத எனக்கு இப்போது மட்டும் என்ன வீரம் வந்துவிட்டதோ.

எழுபதுகளின் கடைசி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் சேர்த்த உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் ஒரு நிலையத்தில் அப்பா உதவியாளர். செடிகளை அட்டையில் ஒட்டி, பூச்சி அரிக்காமல் அலமாரியில் அடுக்குவது அவர் வேலை. சனிக்கிழமைகளில் உப்பளத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நான் சாப்பாடு எடுத்துப் போவேன். அங்கே ஒரு சின்னப் பெட்டிக்குள் ஒரு காளான் இருந்தது. யாரோ ஒரு பாதிரியார் அந்தக் காலத்தில் ஊசுட்டேரிக் கரையில் எடுத்தது. அதற்குப் பிறகு அந்தச் சாதி யார் கண்ணிலும் படவில்லை என்று அப்பா சொல்லியிருந்தார். கறுத்துச் சுருங்கி, வற்றல் மாதிரி கிடக்கும்.

வற்றல் ஊறினால் உப்புகிறதே, இதுவும் பழைய உருவத்துக்கு வராதா என்று எனக்குத் தோன்றியது. அப்பா கை கழுவப் போன நேரத்தில் அதை எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டேன். மெல்ல விரிந்தது. பெருமையாகக்கூட இருந்தது. எடுக்கப் போனால் கூழாகி விரலில் ஒட்டியது. தண்ணீரை ஜன்னல் வழியே கொட்டிவிட்டுப் பெட்டியை மூடினேன். வீட்டில் கருவாடு காய்ந்த முறத்திலேயே ஒரு புற்றுக்காளானைக் காயவைத்து, அடுத்த சனிக்கிழமை அதில் வைத்துவிட்டேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து வெளிநாட்டு ஆராய்ச்சிக்கார அம்மாள் ஒருவர் வந்து பெட்டியைத் திறந்தார். நான் கூடையோடு வாசலில் நின்றிருந்தேன். இது சாதாரணக் காளான், பாதிரியார் தப்பாக எழுதிவிட்டார் என்றார். அப்பா 'முசியே' என்று கூப்பிடும் நிலையத் தலைவர், பெட்டியில் பாதிரியார் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டை அடிக்கப் பேனாவைத் திறந்தார். அப்பா காளானை எடுத்து முகர்ந்து பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"சீட்டு தப்பு இல்ல முசியே. மழத்தண்ணி எறங்கி அது அழுவிப்போச்சு. பயந்துகினு நான்தான் வேற வெச்சேன்."

நான் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். மறுநாளிலிருந்து அப்பாவை அலமாரிப் பக்கமே விடவில்லை; தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போட்டுவிட்டார்கள். வீட்டில் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது என்று நிம்மதியாகத் திரிந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊசுட்டேரிக்குப் போவார். கரையெல்லாம் புற்றுக்காளான் பூத்துக் கிடக்கும் நாளிலும் சேற்றுக் காலோடு வெறுங்கையாகத்தான் திரும்புவார்.

"அவ்ளோ தூரம் போயி ஒரு கொழம்புக்குக்கூடவா கெடைக்கலப்பா?" என்று கேலி செய்வேன்.

"கெடைக்கலம்மா" என்பார், காலைக் கழுவிக்கொண்டே.

அவர் தேடியது குழம்புக்கு இல்லை என்பது அந்தக் கெட்டிக்காரிக்குத் தெரியவில்லை.