ஜன்னல் வழியாக வந்த சாவி

மூன்று புதன்கிழமையும் அந்தக் கதவில் பூட்டுதான் தொங்கியது. நான் கிராம சுகாதார செவிலியர். மண்ணூரில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இன்று இருப்பவர்கள் அடுத்த மாதம் இருக்க மாட்டார்கள். வாசலில் நின்று அந்த அறையில் குடியிருக்கும் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கத்துவேன், பதிலே வராது. பதிவேட்டில் 'வீடு பூட்டு' என்று எழுதிவிட்டு, திட்டி முணுமுணுத்துக்கொண்டே நடையைக் கட்டுவேன். அவள் குழந்தைக்குப் பத்து மாதம். ஒன்பது முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை ஊசி இன்னும் போடவில்லை.

நான்காவது வாரம் பின்வரிசையில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை கண்டது. அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கன்வாடி டீச்சருக்குப் போன் போட்டேன்.

"இன்னாக்கா சொல்றே, பூட்டுன வூடா? அந்த வூட்டுக் கொடியில டெய்லி துணி மாறிக்கினு கீதே" என்றார்.

உடனே அந்தக் குழந்தையின் அம்மா வேலை செய்யும் கம்பெனியின் முதலுதவி அறை நர்ஸைப் பிடித்தேன். அவர் விசாரித்துச் சொன்னார்: "இந்த மாசம் முழுக்க அவங்களுக்கு நைட் ஷிப்டு. பகல்ல ரூம்லதான் இருப்பாங்க."

எங்கள் டாக்டர் இழுத்தார். "புதன்தானே ஊசி நாள்? ஒரு குழந்தைக்காக வியாழக்கிழமை ஊசியா?"

"பின்வரிசையிலே அம்மை சார்!" என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொடுத்தார்.

இம்முறை கதவை விட்டுவிட்டு, டீச்சரும் நானும் அதை ஒட்டியிருந்த ஜன்னலைத் தட்டினோம். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்திருக்கோம்மா" என்றேன். திரை விலகியது. தூக்கம் கலையாத முகம், தோளில் குழந்தை. கம்பி வழியாகச் சாவியை நீட்டினாள்.

"நைட் முடிச்சுத் தூங்குதேன்லாக்கா. யாரும் எழுப்பிரக்கூடாதுன்னு அவுக வேலைக்குப் போகும்போது வெளிய பூட்டி, சாவிய ஜன்னல் வழியா குடுத்துட்டுப் போவாக."

"மூணு வாரமா கத்தினேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சுக்கா. கம்பெனியிலேர்ந்து ஓவர்டைமுக்குக் கூப்பிட வந்திருக்காவன்னு நெனச்சேன். சத்தம் வெளிய போயிரக்கூடாதுன்னு பிள்ள வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மூன்று முறையும் நான் முணுமுணுத்ததெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும்.

ஊசி குத்தியதும் குழந்தை வீறிட்டது. அவள் வாயைப் பொத்தவில்லை, அழட்டும் என்று விட்டாள். பின்வரிசை அம்மை இந்தக் குழந்தையையும் தொட்டுவிட்டதா என்பது போகப் போகத்தான் தெரியும்.

எழுதப் பதிவேட்டைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனையோ 'வீடு பூட்டு'. எல்லாம் என் கையெழுத்து. பெட்டியில் ஐஸ் இன்னும் கரையவில்லை. அடுத்த ஜன்னலைத் தட்டப் போனேன்.