மாணிக்கம் அண்ணன் கடையும் ஒரு வாவிச் சுற்றும்

உளுந்து வடை பொரியும் மணம் படிக்கட்டிலேயே வந்து பிடித்துக்கொள்ளும்...

கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒடுங்கிய மரப்படி ஏறிப் போனால் மாணிக்கம் அண்ணனின் சைவக் கடை. ஆறே மேசை. ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தால் கீழே பஸ்களின் கூரை தெரியும். கேட்காமலே தட்டு நிறைய வடை வரும். வேண்டியதைச் சாப்பிடலாம், மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கேம்பஸ் முடித்து ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் முதல் வேலை. சிவகரனும் அங்கேதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தால் இருவரும் அங்கே போவோம். அவர் ஒவ்வொரு வடையாக விரலால் அழுத்திச் சூடு பார்ப்பார். மாணிக்கம் அண்ணன் விடமாட்டார்.

"என்ன தம்பி, வடைக்கு காய்ச்சலான்னு பாக்குறீங்களா?"

பிறகு வாவியை ஒரு சுற்று நடப்போம். கரையோர மரங்கள் நிறைய நீர்க்காகங்கள். கீழே நடைபாதை அவற்றின் எச்சத்தால் வெள்ளை வெள்ளையாக இருக்கும். அந்த இடம் வந்ததும் என் குடையை விரிப்பேன். அதற்குள் இரண்டு பேர்... அவ்வளவுதான். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. அவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சண்டை ஓய்ந்து வடக்குக்குப் பாதை திறந்திருந்த காலம் அது. ஒருநாள் சொன்னார்: "அம்மா வாறா. வெள்ளிக்கிழமை சைவம். எங்க சாப்பிடுறது, எங்க நடக்கிறது எண்டு நீங்களே பிளான் போடுங்கோ."

அதற்கு என்ன அர்த்தம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீலச் சேலையை இரண்டு முறை அயர்ன் பண்ணினேன்.

அந்த வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, அம்மாவுக்குக் கேட்காமல், சிவகரன் மெல்லச் சொன்னார்: "ஊர் கேட்டா கண்டி எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பிறகு ஆறுதலாச் சொல்லுறன்."

சரி என்று தலையாட்டினேன். அதுதான் இன்றைக்கும் கசக்கிறது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாணிக்கம் அண்ணன் கடைக்குத்தான் கூட்டிப்போனேன். இலை போட்டாயிற்று. சோறு வந்தது. அவர் அம்மா என்னைப் பார்த்து, "பிள்ளை எந்த இடம்?" என்றார்.

"கண்டிதான் அம்மா."

"கண்டி டவுனோ?"

"ஆமா..."

பருப்பு வாளியோடு பின்னால் நின்ற மாணிக்கம் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன தங்கச்சி, நாவலப்பிட்டி தேயிலத் தோட்டத்த மறந்தாச்சா?" அம்மாவின் பக்கம் திரும்பினார். பெண் வீட்டார் குரல் அது, பெருமை பொங்கியது. "நம்ம தோட்டத்துப் புள்ளம்மா. இவங்க அப்பாவும் நானும் ஒரே லயத்துல, பக்கத்துப் பக்கத்து வீட்டுல பொறந்தவங்க. எங்க டிவிசன்ல இருந்து கேம்பஸ் போன மொதப் புள்ள!"

தனக்குத் தெரிந்த விதத்தில் அவர் எனக்காகப் பேசினார்.

அம்மாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. "அப்பிடியோ..." தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு, "கெட்டிக்காரப் பிள்ளை. அங்கயிருந்து இவ்வளவு படிச்சு வந்திட்டுது."

நான் சிவகரனைப் பார்த்தேன். அவர் முருங்கைக்காயைக் கவனமாகச் சப்பிக்கொண்டிருந்தார்.

பாதிச் சோற்றோடு அம்மா இலையை மூடினார். "ஏம்மா, கறி பிடிக்கலையா?" என்று மாணிக்கம் அண்ணன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

வாவிக்கும் போனோம். பிளான் என்னுடையது, பாதியில் விட முடியாதே. தாயும் மகனும் என் குடையில் முன்னால் போனார்கள். நான் பின்னால். அந்த மரங்கள் வந்ததும் அவர் ஒருமுறை திரும்பி, "கவனம், கீழ நிக்காதேங்கோ" என்றார். அதற்குள் என் சேலைத் தோளில் வெள்ளை விழுந்துவிட்டது.

அடுத்த வெள்ளி அவருக்கு வேலை இருந்தது. அதற்கடுத்த வெள்ளியும். பிறகு டிரான்ஸ்பர், கல்யாணம், கனடா.

கண்டியில் வேறு சைவக் கடை இல்லையா? எனக்குத் தெரிந்தே நான்கு இருந்தன. ஏன் அங்கே கூட்டிப்போனேன் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். பொய் சொல்ல வாய் ஒப்புக்கொண்டது. கால் ஒப்புக்கொள்ளவில்லையோ என்னவோ...

போன வாரம் சிவகரனிடமிருந்து மெசேஜ் வந்தது. "குடும்பமா கண்டிக்கு வாறம். எங்க சாப்பிடலாம், எங்க நடக்கலாம்? உங்களை விட்டா ஆருக்குத் தெரியும்? மாணிக்கம் அண்ணன்ர கடை இருக்கோ? பிள்ளையளுக்கு அந்த வடையைக் காட்டோணும்."

இப்போது வாவியைச் சுற்றி டூரிஸ்ட் கூட்டம், செல்ஃபி. மலையுச்சி ஹோட்டல்களில் புஃபே. அவர்களுக்குப் பொருத்தமாக இரண்டு பெயர் எழுதி அனுப்பினேன். மரத்தடியில் குடை பிடிக்க வேண்டும் என்பதை எழுதவில்லை.

கடையைப் பற்றி, "அது மூடி கனகாலம்" என்று பதில் போட்டேன்.

மூடவில்லை. நேற்றும் போனேன். மரப்படி சீமெந்துப் படியாகிவிட்டது. வடை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, இடுக்கியால் எடுத்துத் தருகிறார்கள், யாரும் அழுத்திப் பார்க்க முடியாது. மாணிக்கம் அண்ணனுக்குக் கண் சரியில்லை. குரலை வைத்துக் கண்டுபிடித்து, "நம்ம தோட்டத்துப் புள்ள வந்திருக்கு, தேத்தண்ணி போடு" என்று உள்ளே சத்தம் கொடுத்தார்.

அன்றைக்கு அந்தக் கடைக்குள் நான் சொன்ன பொய் சிவகரனுக்காக. இந்தப் பொய் கடைக்காக.