மஞ்சள் கண்ணும் ஒரு வரியும்

துறைமுகத்தில் அவரைக் கொக்கு என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருஷமாக கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் கழுத்தை நீட்டியபடி உட்கார்ந்து, கப்பல்களிலிருந்து பெட்டிகளை இறக்குகிறவர். நாற்பத்தாறு வயதாகியும் மதுவை நாக்கில் வைத்ததில்லை. கொள்கை, கத்திரிக்காய் எல்லாம் ஒன்றுமில்லை. அந்த வாடையே பிடிக்காது, அவ்வளவுதான்.

அவருக்கு வலது விலாவுக்குக் கீழே கனக்கத் தொடங்கியது. பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. ஒரு நாள் காலையில் சவரம் செய்யும்போது பார்த்தால் கண் இரண்டும் மஞ்சள். கம்பெனி டாக்டரிடம் போனார். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே, “தினமும் எவ்வளவு?” என்றார்.

“எது டாக்டர்?”

“தண்ணியைத்தான் கேக்கிறேன்.”

“நான் குடிக்கிறதே இல்லைங்க.”

“வர்ற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க” என்றபடி டாக்டர் எழுதினார்: குடியால் கெட்ட கல்லீரல். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. மறுநாளே மேஸ்திரி கிரேன் சாவியை வாங்கிக்கொண்டு, அவரைக் கிடங்கில் சீட்டு ஒட்டும் வேலைக்கு அனுப்பினார். வாரத்தில் நாலு நாள் தள்ளாடியபடி வீடு சேரும் மைத்துனன் வந்து உட்கார்ந்து, “அளவோட இருந்திருக்கலாம் மாமா” என்று புத்தி சொன்னான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அவருடைய அழுக்குச் சட்டையை மனைவி மோந்து பார்ப்பதைக் கதவிடுக்கில் கண்ட அன்றுதான் மனசு விட்டுப்போயிற்று. ஒன்றும் கேட்காமல், சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

நான்கு மாதம் சத்து மாத்திரையில் ஓடியது. காய்ச்சலும் நடுக்கமும் வந்து எழுந்திருக்க முடியாமல் போனபோது, மனைவி அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார், பிறகு கேட்டார்.

“நாய் வளக்கிறீங்களா?”

“வளக்கலைங்க. துறைமுக யார்டுல நாலஞ்சு திரியும். என் சாப்பாட்டுல ஒரு பங்கு அதுங்களுக்கு.”

“அதுங்ககிட்டேருந்து வந்த புழுதான். முட்டை எப்படியோ வயித்துக்குள்ள போய், கல்லீரல்ல நீர்ப்பை கட்டியிருக்கு. வருஷக்கணக்கா வளந்து, இப்போ ஒரு குழந்தையோட தலை அளவு இருக்கு. அது பித்தக்குழாயை அமுக்குறதாலதான் கண்ணு மஞ்சள். குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.”

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பை உடைந்து உள்ளே சிந்தினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலைத் தணித்து, புழுவுக்கு மாத்திரை கொடுத்து, பிறகு ஆறு மணி நேரம் போராடி, கல்லீரலில் ஒரு பகுதியோடு பையை முழுசாக எடுத்தார்கள்.

அவர் பேசத் தொடங்கிய நாளில் மனைவி சொன்னாள்: “உங்க சட்டையை மோந்து பாத்தேங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?”

“நீ என்கிட்டக் கேப்பேன்னு இருந்தேன்.”

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மாவின் கடிதத்தோடு கம்பெனி டாக்டரிடம் போனார். அவர் மேலோட்டமாகப் படித்துவிட்டு, “உடம்பு தேறிடுச்சில்ல, விடுங்க” என்றார்.

“அந்த வரியை அடிச்சுக் குடுங்க.”

“ஃபைல்ல எழுதினதை அப்படியெல்லாம் அடிக்க முடியாது.”

“தொட்டுப் பாக்காம எழுத மட்டும் முடிஞ்சுதே.”

கொக்கு தன் சட்டையைத் தூக்கினார். விலாவை ஒட்டி வளைந்து ஓடிய தழும்பு இன்னும் சிவந்திருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வெளியே வரிசை நீண்டது. எட்டிப் பார்த்த பெயிண்டர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “உக்காருங்கண்ணே, நாங்க காத்திருக்கோம்” என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் பேனாவை எடுத்து வரியை அடித்தார். தேதியும் கையெழுத்தும் கேட்டு வாங்கிக்கொண்டார் கொக்கு.

அடுத்த வாரமே கிரேன் சாவி திரும்பக் கிடைத்தது. மேஸ்திரி கைகுலுக்கினார். வீட்டில் மனைவி, “இனிமேலாவது அதை மறந்துடுங்க” என்றாள்.

“எப்படி மறக்கிறது? தப்பு நடந்துபோச்சுன்னு அந்த ஆள் வாயிலேருந்து ஒரு வார்த்தை வரலையே” என்றார்.